முறுக்கோடு மலையேறிய கதை

என் நாயின் பெயர் முறுக்கு. எங்கள் தாமான் மார்க்கெட்டின் பின்புறச் சாக்கடை ஓரத்தில் குட்டியாகக் கிடைத்தது. வால், எண்ணெயிலிருந்து எடுத்த முறுக்கு மாதிரி சுருண்டிருந்ததால் அம்மா வைத்த பெயர் அது. என்ன ஜாதி என்று கேட்பவர்களுக்கு, "சுத்தமான தெருநாய்" என்று சொல்வேன். எடை 14 கிலோ.

சென்ற ஆண்டு ஒரு சனிக்கிழமை, அந்த 14 கிலோவை இரண்டு கைகளிலும் ஏந்திக்கொண்டு புக்கிட் காசிங் மலைப்பாதையில் ஓட்டமும் நடையுமாக இறங்கினேன். முறுக்கின் நாக்கு ஒரு பக்கம் தொங்கியது. கண் திறந்திருந்தது, ஆனால் என்னைப் பார்க்கவில்லை. தவறு முழுக்க என்னுடையது.

வார இறுதியில் நாயோடு மலையேறுவதும் கூடாரம் போட்டுத் தங்குவதும் இப்போது நம் இளைஞர்களிடையே பரவி வருகிறது. பின்னணி இசையோடு நாய் மலை உச்சியில் நிற்கும் காணொளிகளைப் பார்த்துத்தான் எனக்கும் ஆசை வந்தது. அந்தக் காணொளிகளில் வராத விஷயங்களைச் சொல்லத்தான் இந்தக் கட்டுரை.

அன்று நடந்தது என்ன?

வானொலியில் காலை நிகழ்ச்சி முடித்து நான் வெளியே வரும்போது மணி பத்து. வீட்டுக்குப் போய் முறுக்கை ஏற்றிக்கொண்டு மலையடிவாரம் சேர்ந்தபோது பதினொன்று. கையில் ஒன்றரை லிட்டர் தண்ணீர், எங்கள் இருவருக்கும் சேர்த்து. முதல் அரை மணி நேரம் முறுக்கு என்னை இழுத்துக்கொண்டு ஓடியது. பிறகு வேகம் குறைந்தது. நிழல் கண்ட இடமெல்லாம் உட்காரப் பார்த்தது. நான் அதை அடம் என்று நினைத்தேன். "வா முறுக்கு, கொஞ்ச தூரம்தான்" என்று கயிற்றை இழுத்தேன். ஒரு மேட்டில் பின்கால்கள் தள்ளாடின. வாயிலிருந்து நூல் நூலாகக் கெட்டியான எச்சில் வடிந்தது. அப்படியே சாய்ந்துவிட்டது.

எதிரே இறங்கி வந்த ஒரு சீன அங்கிள் நின்று, முறுக்கின் உதட்டைத் தூக்கி ஈறைப் பார்த்தார். செங்கல் நிறத்தில் சிவந்திருந்தது. தன் பாட்டில் தண்ணீர் முழுவதையும் அதன் வயிற்றிலும் தொடையிடுக்கிலும் ஊற்றினார். தொப்பியைக் கழற்றி விசிறினார். "ஹீட் ஸ்ட்ரோக். தூக்கு, கிளினிக் போ, வழியெல்லாம் நனைச்சுக்கிட்டே போ" என்றார். அவர் பெயரைக்கூடக் கேட்கவில்லை.

கிளினிக்கில் உடல் வெப்பம் 41 டிகிரியைத் தாண்டியிருந்தது. நாயின் இயல்பான வெப்பமே 38-லிருந்து 39 டிகிரி வரை இருக்கும். இரண்டு நாள் டிரிப், இரண்டு முறை இரத்தப் பரிசோதனை. சிறுநீரகம் தப்பியது என்று மருத்துவர் சொன்ன பிறகுதான் எனக்குச் சாப்பாடு இறங்கியது.

அப்பா சொன்ன ஒரு வார்த்தை

அப்பா ரப்பர் தோட்டத்தில் பிறந்து வளர்ந்தவர். முறுக்கை வீட்டுக்குக் கொண்டு வந்த அன்று என்னைத் திட்டவில்லை. இரவு சாப்பாட்டுக்குப் பிறகுதான் பேச்சை எடுத்தார்.

"உங்க தாத்தா பால் வெட்டப் போறப்ப எங்க வீட்டு நாயும் தினமும் கூடப் போகும்மா. பாம்பு இருந்தாலும் பன்னி இருந்தாலும் அதுதான் முதல்ல குரைக்கும். ஆனா போறது விடியாத நேரத்துல. வெயில் ஏறிச்சுன்னா அதுவே போய் மரத்தடியில படுத்துக்கும். யாரும் அதைக் கயிறு போட்டு இழுக்கல."

அந்தக் கடைசி வாக்கியம் இன்னும் என் காதில் இருக்கிறது. பால்மரத்தை விடியலில் வெட்டுவதற்குக் காரணம், குளிர்ந்த நேரத்தில்தான் பால் நன்றாக இறங்கும் என்பது. அந்த நேரம் நாய்க்கும் பொருத்தமாக அமைந்துவிட்டது. நம் தாத்தாக்கள் நாயைக் காட்டுக்குக் கொண்டுபோனார்கள். ஆனால் எப்போது படுப்பது என்பதை நாயே முடிவு செய்தது. நாம் கயிற்றைப் பிடித்திருக்கும்போது அந்த முடிவு நம் கைக்கு வந்துவிடுகிறது. அது சின்னப் பொறுப்பு இல்லை.

நாய்க்கு வியர்க்காது

நமக்கு உடம்பெல்லாம் வியர்க்கும். நாய்க்குப் பாதத்தின் அடியில் மட்டும்தான் கொஞ்சம் வியர்க்கும். மற்றபடி மூச்சிரைத்து, நாக்கிலும் மூச்சுப் பாதையிலும் உள்ள ஈரத்தை ஆவியாக்கித்தான் உடலைக் குளிர வைத்துக்கொள்கிறது. நம் நாட்டுக் காற்றில் ஏற்கெனவே ஈரப்பதம் அதிகம். ஈரமான காற்றில் ஈரம் ஆவியாவது குறைவு. எனவே குளிர்நாட்டு மலைகளில் நாயோடு நான்கு மணி நேரம் நடப்பவர்களைப் பார்த்து நாம் கணக்குப் போடக்கூடாது.

பக், புல்டாக், ஷி சூ போன்ற சப்பை மூக்கு நாய்களுக்கு மூச்சிரைப்பே சிரமம். அவற்றுக்கு மாலைநேரப் பூங்கா நடை போதும், மலை வேண்டாம். ஹஸ்கி போன்ற அடர்ந்த முடி நாய்கள், வயதானவை, பருமனானவை, இதய நோய் உள்ளவை ஆகியவற்றுக்கும் இதே எச்சரிக்கை. ஒரு வயது நிரம்பாத குட்டிகளின் எலும்பும் மூட்டும் இன்னும் வளர்ந்துகொண்டிருக்கும். நீண்ட ஏற்றத்தைத் தள்ளிப்போடுங்கள்.

இப்போது நான் கடைப்பிடிக்கும் வழக்கம் இது. காலை ஏழு மணிக்கு நடக்கத் தொடங்கி, ஒன்பதரைக்குள் காருக்குத் திரும்பிவிடுவேன். முதல் மாதம் அரை மணி நேர நடைதான். பிறகு மெல்லக் கூட்டினேன். தார் ரோட்டில் புறங்கையை ஏழு விநாடி வைத்துப் பார்ப்பேன். என் கை தாங்காவிட்டால் முறுக்கின் பாதமும் தாங்காது. பதினைந்து, இருபது நிமிடத்துக்கு ஒருமுறை நிழலில் நின்று தண்ணீர் காட்டுவேன். குடிக்கிறதோ இல்லையோ, நிற்பது கட்டாயம்.

தண்ணீர்க் கணக்கு: சும்மா வீட்டில் இருக்கும் நாய்க்கே ஒரு நாளைக்கு கிலோவுக்கு ஏறக்குறைய 50 மில்லிலிட்டர் வேண்டும். முறுக்குக்கு அது 700 மில்லிலிட்டர். மலையேறும் நாளில் அதற்கென்று தனியாக இரண்டு லிட்டர் எடுத்துப் போகிறேன். குடித்தது போக மிச்சம், தேவைப்பட்டால் மேலே ஊற்ற.

மூச்சிரைப்பு அடங்காமல் இருப்பது, எச்சில் கெட்டியாவது, ஈறு கடும் சிவப்பாவது, தள்ளாடுவது, வாந்தி எடுப்பது ஆகியவை வெப்ப அதிர்ச்சியின் அறிகுறிகள். கண்டதும் நிழலுக்குக் கொண்டுபோய், இருக்கும் தண்ணீரை உடம்பில் ஊற்றி விசிறுங்கள். முதலில் குளிர வைப்பது, பிறகு கிளினிக். ஈரத் துண்டைப் போர்த்தி அப்படியே விடாதீர்கள். அது சீக்கிரம் சூடாகி வெப்பத்தை உள்ளேயே தேக்கிவிடும். மயங்கிய நாயின் வாயில் தண்ணீர் ஊற்றக்கூடாது. எழுந்து நடந்துவிட்டாலும் மருத்துவரிடம் காட்டியே ஆகவேண்டும். உள்ளுறுப்புப் பாதிப்பு ஓரிரு நாள் கழித்துத் தலைகாட்டக்கூடும்.

எல்லா மலையும் நாய்க்கு இல்லை

தாமான் நெகாரா போன்ற தேசியப் பூங்காக்களில் செல்லப்பிராணிகளுக்கு அனுமதி இல்லை. "நம்ம நாய் யாரை என்ன செய்யப்போகுது?" என்று நானும் கேட்டிருக்கிறேன். 2019 ஜூலையில் திரெங்கானு டுங்குன் வட்டாரத்தில் நடந்தது அதற்குப் பதிலாக அமைந்தது. கம்போங் பெசுல் லாமாவில் ஒரு மலாயாப் புலி கிராமத்துக்குள் சுற்றித் திரிந்தது. மனிதர்களைக் கண்டு அஞ்சவில்லை. பிடித்துக் கொண்டுபோன சில நாட்களில் இறந்துவிட்டது. காரணம் கெனைன் டிஸ்டெம்பர். நாய்களைத் தாக்கும் கிருமி நோய் அது, புலியையும் தாக்கும்.

2016 முதல் 2020 வரை நடந்த முதல் தேசியப் புலிக் கணக்கெடுப்பின்படி, காட்டில் எஞ்சியிருக்கும் மலாயாப் புலிகள் 150-க்கும் குறைவு. அந்த எண்ணிக்கையில் ஒவ்வொன்றும் பெரிது. தடுப்பூசி போடாத ஒரு நாய் காட்டில் விட்டுவரும் நோய் எங்கே போய் முடியும் என்று யாருக்கும் தெரியாது. எனவே தடை உள்ள காட்டுக்கு முறுக்கைக் கொண்டுபோவதில்லை. தடை இல்லாத இடத்துக்கும் தடுப்பூசி போடாமல் போவதில்லை.

புக்கிட் காசிங் போன்ற நகரை ஒட்டிய குன்றுகளில் நாயோடு நடப்பவர்களைப் பார்க்கலாம். இருந்தாலும் விதிகள் மாறக்கூடியவை. நுழைவாயில் அறிவிப்பைப் படியுங்கள். சந்தேகம் இருந்தால் ஊராட்சி மன்றத்தையோ வன இலாகாவையோ கேட்டுவிடுங்கள். சிலாங்கூரின் நிரந்தர வனப்பகுதிகளில் மலையேற மனிதர்களுக்கே வன இலாகாவின் அனுமதி வேண்டும். உங்கள் ஊராட்சி மன்றத்தின் நாய் உரிமம் புதுப்பித்திருக்கிறதா என்பதையும் பார்த்துக்கொள்ளுங்கள்.

ஊசியும் உண்ணியும்

டிஸ்டெம்பர், பார்வோ ஆகியவற்றுக்கான கூட்டுத் தடுப்பூசி அடிப்படை. மலைக்கும் ஆற்றுக்கும் போகும் நாய்க்கு லெப்டோஸ்பைரோசிஸ் தடுப்பூசியும் அவசியம். அதை ஆண்டுதோறும் புதுப்பிக்க வேண்டும். எலியின் சிறுநீர் கலந்த நீரிலும் சேற்றிலும் பரவும் இந்த நோய் நாய்க்கும் வரும், நமக்கும் வரும். 2010-இல் பகாங், மாரான் அருகே லூபோக் யூ நீர்வீழ்ச்சிப் பகுதியில் ஒரு தேடுதல் பணிக்குப் பிறகு மெலியோய்டோசிஸ், லெப்டோஸ்பைரோசிஸ் நோய்கள் தாக்கிச் சிலர் உயிரிழந்ததைப் பலர் மறந்திருக்கலாம். ஓடும் தெளிந்த நீரில் நாய் கால் நனைக்கட்டும். தேங்கிய குட்டையில் குடிக்க விடாதீர்கள்.

வெறிநாய்க்கடி நோய் 2015-இல் பெர்லிஸ், கெடா, பினாங்கு மாநிலங்களில் தலைகாட்டியது. சரவாக்கில் 2017 முதல் அது பெரும் சிக்கல். அந்தப் பக்கம் போகும் திட்டம் இருந்தால் மருத்துவரிடம் முன்கூட்டியே பேசுங்கள்.

மலையிறங்கியதும் காரில் ஏற்றுவதற்கு முன் தலை முதல் வால் வரை தடவிப் பாருங்கள். காதுக்குள், அக்குளில், விரலிடுக்கில்தான் உண்ணி ஒளிந்திருக்கும். அது பரப்பும் இரத்த நோய்கள் நம் நாட்டு நாய்களிடம் சகஜம். நாய் சோர்ந்து, சாப்பிடாமல், ஈறு வெளிறியிருந்தால் தாமதிக்காதீர்கள். அட்டை கடித்தால் பதற வேண்டாம். நகத்தால் பக்கவாட்டில் நெம்பினால் விட்டுவிடும். மூக்குக்குள் போய்விட்டால் மட்டும் கிளினிக்.

நாம் பூசிக்கொள்ளும் கொசு மருந்தை நாய்க்குப் பூசாதீர்கள். டீட் என்ற இரசாயனம் நாய்க்கு ஆகாது. பனடோல், இபுபுரூஃபன் போன்ற நம் வலி மாத்திரைகளும் நாய்க்கு நஞ்சு. பாம்பு கடித்தால் கீறாதீர்கள், கட்டாதீர்கள். நாயை நடக்க விடாமல் தூக்கிக்கொண்டு மருத்துவரிடம் ஓடுங்கள்.

கயிறு எப்போதும் கையில் இருக்கட்டும். கழுத்துப்பட்டையைவிட மார்பைச் சுற்றி மாட்டும் ஹார்னஸ் நல்லது. பள்ளத்தில் கால் வைத்துவிட்டால் கழுத்து நெரியாமல் தூக்க முடியும். நீளும் கயிறு வேண்டாம். இரண்டு மீட்டர் சாதாரணக் கயிறு போதும். குரங்குக் கூட்டத்தையோ குட்டியோடு போகும் காட்டுப்பன்றியையோ கண்டு நாய் பாய்ந்தால், தோற்பது பெரும்பாலும் நாய்தான்.

கூடாரத்தில் ஓர் இரவு

விபத்துக்கு ஐந்து மாதம் கழித்து, மருத்துவர் தலையசைத்த பிறகு, உலு லங்காட் பக்கம் ஆற்றோரம் உள்ள ஒரு தனியார் முகாம் தளத்துக்குப் போனோம். நான், கணவர், அப்பா, முறுக்கு. அதற்கு இரண்டு வாரம் முன்பே வீட்டு வரவேற்பறையில் கூடாரத்தை விரித்து, முறுக்கை அதற்குள் தூங்கப் பழக்கினேன். முதல் நாள் குரைத்தது. மூன்றாம் நாள் எனக்கு இடமே விடவில்லை.

முகாம் நடத்துபவர் ஒரு மலாய்க்காரர். போகும் முன் தொலைபேசியில் கேட்டேன். "நாய் கொண்டு வரலாமா, பாக்சிக்? முடியாது என்றாலும் பரவாயில்லை." சற்று யோசித்துவிட்டு, "கடைசி இடத்தை எடுத்துக்கொள். சுராவ் பக்கமும் குழாயடிப் பக்கமும் மட்டும் கொண்டு வராதே" என்றார். அவ்வளவுதான். முஸ்லிம்களுக்கு நாயின் ஈரமோ எச்சிலோ பட்டால் மண் கலந்த நீரோடு சேர்த்து ஏழு முறை கழுவும் கடமை இருக்கிறது. அது வெறுப்பு இல்லை, நெறி. அதை நாம் புரிந்துகொண்டால் பாதிச் சிக்கல் தீர்ந்தது. சொல்லாமல் கொண்டுபோய், பிறகு வாக்குவாதம் செய்வதுதான் நாய் வளர்ப்பவர் எல்லாருக்கும் கதவை மூடுகிறது.

முறுக்கின் பாத்திரத்தைப் பொதுக் குழாயில் கழுவவில்லை. கொண்டுபோன தண்ணீரில் கழுவினேன். அதன் கழிவைப் பையில் எடுத்து முடிச்சுப் போட்டு வீட்டுக்கே கொண்டு வந்தேன். மாலையில் பக்கத்துக் கூடாரத்துச் சிறுமி தூரத்தில் நின்று, "அது என்ன பேரு?" என்று மலாயில் கேட்டாள். "முறுக்கு" என்றதும் அவளுடைய அம்மா சிரித்துவிட்டார். "தீபாவளி முறுக்கா?" என்றார். இரு பக்கமும் இருந்த இறுக்கம் அந்தச் சிரிப்பில் போய்விட்டது.

சாப்பாட்டு நேரம்தான் ஆபத்தான நேரம். நம் சமையலில் வெங்காயம், பூண்டு இல்லாதது எது? இரண்டும் நாய்க்கு ஆகாது. பாயசத்து உலர்ந்த திராட்சையும், திராட்சைப் பழமும், சாக்லேட்டும் அப்படித்தான். வெந்த கோழி எலும்பு உடைந்து குடலைக் கிழிக்கும். அப்பா பாசத்தில் ஒரு துண்டு நீட்டப் போனார். "தாத்தா காலத்துல போட்டோமே" என்றார். "அப்ப கிளினிக் பில்லு உங்க பேர்ல வரலப்பா" என்றேன். கையை இழுத்துக்கொண்டார்.

இரவில் நாயை வெளியே கட்டிப்போடாதீர்கள். பாம்பு, காட்டுப்பன்றி வரும்போது கட்டிய நாயால் ஓட முடியாது. கூடாரத்துக்குள் அதற்கென ஒரு பாய், ஒரு துண்டு போதும். கழுத்தில் உங்கள் தொலைபேசி எண் பொறித்த தகடு இருக்கட்டும். மைக்ரோசிப் போட்டிருந்தால் இன்னும் நிம்மதி.

இடத்தின் பாதுகாப்பு நாய்க்கு மட்டும் இல்லை, நமக்கும்தான். 2022 டிசம்பர் 16-ஆம் தேதி பத்தாங்காலியில் ஒரு முகாம் தளத்தின் மேல் மலை சரிந்து 31 பேர் மாண்டார்கள். உரிமம் உள்ள இடமா, சரிவுக்குக் கீழே இருக்கிறதா, ஆற்றில் திடீர் நீர்ப்பெருக்கு வந்தால் எந்தப் பக்கம் ஏறுவது என்று கேட்டுத் தெரிந்துகொண்டே கூடாரத்தைப் போடுங்கள். மேலே மழை பெய்தாலோ, ஆற்று நீர் கலங்கினாலோ உடனே மேட்டுக்குப் போய்விட வேண்டும். பத்தாங்காலி மண்ணுக்கடியில் மனிதர்களைத் தேடியவர்களில் தீயணைப்பு மீட்புத் துறையின் மோப்ப நாய்களும் உண்டு. அதை நினைக்கும்போது, நம்மை நம்பி வரும் நாய்க்கு ஒரு பாட்டில் தண்ணீர் அதிகம் சுமப்பது பெரிய காரியமாகத் தெரியவில்லை.

திரும்பி வருவதும் பயணம்தான்

மூன்று வாரம் முன்பு முறுக்கோடு மறுபடி புக்கிட் காசிங் போனேன். காலை ஏழு மணி. சிவன் கோவில் மணியோசை கேட்கும் நேரம். முன்பு சாய்ந்து விழுந்த அதே மேட்டுக்குக் கொஞ்சம் கீழே முறுக்கு நின்றது. பாதை ஓரமாகப் போய் நிழலில் உட்கார்ந்தது. மூச்சு சாதாரணமாகத்தான் இருந்தது. ஈறைப் பார்த்தேன், இளஞ்சிவப்பு. தண்ணீர் வைத்தேன், குடித்தது. ஆனால் எழுந்திருக்கவில்லை.

உச்சிக்கு இன்னும் பத்து நிமிடம்தான். கையில் கயிறு இருந்தது.

நானும் பக்கத்தில் உட்கார்ந்தேன். கால் மணி நேரம் கழித்து முறுக்கு எழுந்து, உடம்பை உதறி, மலையடிவாரத்தைப் பார்த்துத் திரும்பியது. நானும் திரும்பினேன். காரை எட்டியபோது மணி எட்டேகால். வீட்டில் அப்பா, "என்னம்மா, அதுக்குள்ள வந்துட்டீங்க?" என்றார்.

"முறுக்கு போதும்னு சொல்லிடுச்சுப்பா" என்றேன்.